பக்கத்து ஜோடி

எனக்கு உட்கார்ந்து படம் பார்க்க வராது. கடலூரில் கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நின்றே இருபது வருடம் ஓட்டியவன். தியேட்டருக்குப் போனாலும் இடைவேளைக்குள் இரண்டு தரம் எழுந்து வெளியே போய்விட்டு வருவேன். என் மனைவி என்னோடு சினிமாவுக்கு வருவதையே விட்டுவிட்டாள். அப்படிப்பட்டவனை ஏற்காட்டில் ஒரு விருந்தினர் விடுதியில், முப்பது பேருக்கு நடுவே, இரண்டு நாள் உட்காரவைத்துப் படம் படமாகக் காட்டினார்கள். அதில் ஒன்று நான் எடுத்தது. பதினான்கு நிமிடப் படம். அதன் கடைசி நான்கு நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என்னோடு வந்திருந்த என் தங்கைக்குத் தெரியாது.

சொல்லாமல்தான் அழைத்துப்போயிருந்தேன். இப்போது நினைத்தாலும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

விஷயம் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது. திருவந்திபுரத்தில் முகூர்த்த நாளன்று எப்படி இருக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மலைமேல் மண்டபத்தில் ஒரே நல்ல நேரத்துக்கு இருபது முப்பது ஜோடிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம், அவ்வளவுதான். பாதிப் பெண்களுக்கு அரக்கு நிறப் பட்டு. எல்லோர் கழுத்திலும் அதே கடைத்தெருவில் வாங்கிய மாலை. தாலி ஏறும் நேரத்தில் பெண் குனிந்துவிடுவாள், முகம் தெரியாது. எல்லா மேளக்காரர்களும் சேர்ந்து கெட்டிமேளம் கொட்டுவார்கள். யாருக்கு யார் கொட்டுகிறார்கள் என்று பெருமாளுக்குத்தான் தெரியும். அந்தப் பத்து வினாடிதான் எங்கள் பிழைப்பு. என்னிடம் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே, "பொண்ணப் பாக்காத, மாப்ள கையப் பாரு" என்பதுதான்.

என் தங்கை கல்யாணமும் அங்கேதான் நடந்தது. "அண்ணங்காரன் நீ, பக்கத்துல வந்து நில்லுடா, கேமராவ வேற யார்ட்டயாச்சும் குடு" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. என் தங்கை கல்யாணத்தை இன்னொருத்தன் எடுப்பதா என்கிற திமிர். பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி நின்று, ஜூமை முழுக்க இழுத்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து வைத்திருந்தேன். கெட்டிமேளம் ஆரம்பித்த நொடியில் யாரோ ஸ்டூலை இடித்தார்கள். தடுமாறி நிமிர்ந்து, கண்ணில் பட்ட கையை மறுபடி பிடித்தேன். தாலி, முடிச்சு, அட்சதை எல்லாம் அழகாக விழுந்தது. இத்தனை வருடத்தில் நான் எடுத்த நல்ல ஷாட் இதுதான் என்று பந்தியில் உட்கார்ந்து பீற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலை கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், முடிச்சுப் போடுகிற கையில் ஸ்டீல் வாட்ச். எங்கள் மாப்பிள்ளை வாட்ச் கட்டுகிற ஆளே இல்லை. நான் எடுத்திருந்தது பக்கத்து ஜோடியை.

போட்டோ எடுத்த என் கூட்டாளியின் படத்தில் அட்சதை தூக்கிய கைகள்தான் நிறைந்திருந்தன. சொந்தக்காரர்கள் கையிலும் அரிசி, அதனால் ஒருவர்கூட போனை எடுத்திருக்கவில்லை. என் தங்கை கழுத்தில் தாலி ஏறியதற்கு எங்கேயும் படமே இல்லை.

மெமரி கார்டு கெட்டுப்போய்விட்டது, அந்த இடம் மட்டும் அழிந்துவிட்டது என்று போய்ச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அழுகை நிஜம்தான். காரணம்தான் பொய். தங்கை எனக்குக் காபி போட்டுக் கொடுத்துத் தேற்றினாள். மாப்பிள்ளை தோளில் தட்டி, "உடு மச்சான். நாந்தான கட்டுனேன், எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார். அந்த மனிதரைப் போல ஒருவர் நமக்கு மாப்பிள்ளையாக வாய்ப்பது அபூர்வம். அவரிடம் பத்து வருடம் பொய்யோடு பழகினேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அவர் போய்விட்டார். சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. அதன்பிறகு ஒருநாள் தங்கை வீட்டுக்குப் போனபோது கல்யாண டிவிடி ஓடிக்கொண்டிருந்தது. மாலை மாற்றினார்கள். அடுத்து நான் ஒட்டுப்போட்டு வைத்திருந்த கோபுரமும் பூக்கடையும் வந்தன. அந்த இடம் வந்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கோபுரம் போகிற வரைக்கும் மூடியே இருந்தாள். பிறகு திறந்து மீதியைப் பார்த்தாள். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். தண்ணீர் குடித்துவிட்டு, வேலை இருக்கிறது என்று பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வாரமே படத்தை ஆரம்பித்தேன். கல்யாணங்களில் வெட்டிப் போட்ட துண்டுகள் என்னிடம் மலைபோலக் கிடக்கின்றன. அதையெல்லாம் கோத்து, கடைசியில் அந்த ஸ்டீல் வாட்ச் கையை வைத்து, என் குரலில் உண்மையைச் சொன்னேன். நேரில் வராத வார்த்தையெல்லாம் மைக் முன்னால் சரளமாக வந்தது. மலையில் அந்த விடுதியை நடத்தும் அம்மா ஒரு காலத்தில் சினிமாவில் எடிட்டிங் வேலை பார்த்தவர். சிதம்பரத்தில் நான் எடுத்த ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது பழக்கமானார். வருடத்துக்கு ஒருமுறை தன் சாப்பாட்டுக் கூடத்தில் வெள்ளைத் திரை கட்டி, சொந்தக் காசில் படம் எடுத்தவர்களைக் கூப்பிட்டுப் போடுகிறார். போட்டி கிடையாது, பரிசும் கிடையாது. எல்லோருக்கும் பிடித்த ஒரு படத்தைக் கடைசி நாள் இன்னொரு முறை போடுவார்கள். எடுத்தவர் தன்னோடு ஒருவரை அழைத்து வரலாம். நான் தங்கையை அழைத்தேன்.

"என்னா படம்ணே?"

"கல்யாணத்துல வெட்டிப் போட்டத எல்லாம் சேத்து ஒண்ணு."

"காமெடியா?"

"வந்து பாரேன்."

அவர் போனபின் அவள் எந்த ஊருக்கும் போனதில்லை. வருகிறேன் என்றாள். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் சந்தித்து, சேலம் போய், மலை ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் அவளுக்குக் குமட்டியது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே, "நீ எடுத்த படத்துக்கு நான் இவ்ளோ தூரம் வரணுமா? ஜாஸ்திதான் உனக்கு" என்று கிண்டல் செய்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும், அழுவாள், மன்னித்துவிடுவாள், எல்லாம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

என் படம் காலை பத்து மணிக்கு என்று போட்டிருந்தார்கள். ஒன்பதரைக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது. மதியத்துக்குத் தள்ளினார்கள். மதியம் கரண்ட் வந்ததும், பெங்களூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய ஒருவரின் படத்தை முதலில் போட்டார்கள். நான் வராந்தாவுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தேன். வெளியே பனி இறங்கி, எதிரே இருந்த சில்வர் ஓக் மரங்கள்கூடத் தெரியவில்லை. மூன்று தரம் தங்கையை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். மூன்று தரமும் "குளுருதா? ஸ்வெட்டர் போட்டுக்க" என்று மட்டும் சொல்லி உள்ளே அனுப்பினேன். "உனக்கு என்னாண்ணே ஆச்சு?" என்றாள்.

நாலரை மணிக்கு ஜன்னல்களுக்குப் போர்வை மாட்டி என் படத்தைப் போட்டார்கள். என்னால் அவள் பக்கத்தில் உட்கார முடியவில்லை. பின்சுவரில் சாய்ந்து நின்றேன்.

முதல் பத்து நிமிடமும் கூடம் சிரித்தது. நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிறவர் ஊதிக்கொண்டே தூங்குகிறார். மணமேடையில் ஐயர் ஒரு கையால் நெய் விட்டுக்கொண்டே மறு கையால் போனில் அடுத்த கல்யாணத்துக்கு நேரம் சொல்கிறார். ஒரு மாப்பிள்ளை தனக்கு நலங்கு வைக்கிற அத்தைகளின் பெயரை மறந்து விழிக்கிறார். என் தங்கை சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. இரண்டு வருடமாக நான் கேட்காத சிரிப்பு. அதைக் கேட்டதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. புரொஜெக்டர் பிளக் இரண்டடி தூரத்தில் இருந்தது. பிடுங்கிவிடலாம், கரண்ட் மேல் பழி போட்டுவிடலாம். கைகூடப் போனது. பிடுங்கவில்லை. அது நேர்மையால் என்று சொன்னால் பொய். கூடம் என் படத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தது, அது எனக்கு வேண்டியிருந்தது.

பிறகு என் குரல் வந்தது. "இந்தக் கை என் தங்கை கணவருடையது இல்லை."

அவள் தலை அசையவில்லை. நான்கு நிமிடமும் அசையவில்லை. முடிந்ததும் விளக்கைப் போட்டார்கள். நன்றாகக் கைதட்டினார்கள், ஒருவர் எழுந்து நின்றேகூடத் தட்டினார். சென்னையிலிருந்து வந்த ஒரு தாடிக்காரப் பையன் முதல் கேள்வி கேட்டான். "அந்த கன்ஃபெஷன் ரொம்ப ஸ்ட்ராங்கா இருந்துச்சு சார். உங்க சிஸ்டர் இந்தப் படத்தப் பாத்துட்டாங்களா?"

தங்கை எழுந்தாள்.

"இப்பதான் பாத்தேன்" என்று அவனிடம் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

சமையல்கட்டில் அவளைக் கண்டுபிடித்தேன். சமையல்கார அம்மாவோடு உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுப்பைப் பார்ப்பதுபோல நகர்ந்து போனார்.

"எத்தன பேருக்குப் போட்டுக் காட்டுன?" என்றாள் தங்கை, நறுக்குவதை நிறுத்தாமல்.

"இங்க மட்டுந்தான்."

"முப்பது பேரு. அவுங்களோட சேத்து நானும் ஒரு ஆளு."

"நேர்ல சொல்ல வாய் வரலம்மா."

"மைக்குல வந்துச்சா?"

அவள் நறுக்கிக்கொண்டே இருந்தாள். பீன்ஸ் முழுவதும் முடிந்தது.

"அவரு இருந்தப்ப ஒரு பொங்கலு, ஒரு தீவாளி உடாம வந்து சாப்ட்ட. அவரு உனக்கு எல போட்டாரு. அப்பக்கூட ஒரு வார்த்த வரல. இப்ப அவரு இல்ல, நீ கத சொல்ற. இவுங்க கைதட்டுறாங்க."

அவள் அழவில்லை. நான் போட்ட கணக்கில் அது இல்லை. அன்றைக்கு முழுக்க என்னோடு அவள் வேறு எதுவும் பேசவில்லை. சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் வந்து என் கையைக் குலுக்கினார்கள். ஒவ்வொருவர் குலுக்கும்போதும் அவள் பார்த்தாள்.

மறுநாள் காலை விடுதி அம்மா வந்து, எல்லோரும் உங்கள் படத்தைத்தான் மறுபடி கேட்கிறார்கள் என்றார். மனசு ஒரு கணம் துள்ளியது. வெட்கம்கெட்ட மனசு. தங்கையிடம் போய், "அவுங்க திருப்பிப் போடணும்ங்கறாங்க. நீ வேணான்னா வேணாம்" என்றேன்.

"மொத தடவ என்னக் கேட்டியா?"

பென் டிரைவைக் கழற்றி வாங்கிக்கொண்டேன். விடுதி அம்மா காரணம் கேட்கவில்லை. "இந்தப் படம் நல்லா இருக்கு. ஆனா இது உங்க படம்னு நீங்க நெனச்சுட்டீங்க, அதான் தப்பு" என்று மட்டும் சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நியாயமாகப் பேசுகிறவர்கள் மேல் வருகிற கோபம். மதியச் சாப்பாட்டுக்கு நிற்காமல் கிளம்பினோம்.

மலை இறங்கும் வரை அவள் ஜன்னலைப் பார்த்தே வந்தாள். சேலத்தில் டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தாள். அடுத்த பஸ்ஸில் அவளுக்கு முன் சீட், எனக்குக் கடைசி சீட். அத்தனை மணி நேரமும் எத்தனை விதமாக மன்னிப்புக் கேட்கலாம் என்று மனசுக்குள் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். விருத்தாசலத்தில் இறங்கினோம். அவள் சிதம்பரம் பஸ் ஏற வேண்டும், நான் கடலூர் பஸ். அங்கே நின்றுதான் வாயைத் திறந்தாள்.

"நீ பக்கத்து ஜோடிய எடுத்துட்ட. செரி. அவுங்க கேமராக்காரன் யார எடுத்தான்?"

எனக்குப் புரியவில்லை.

"ஒட்டிதான உக்காந்திருந்தோம்? நீ இடிபட்ட மாதிரி அவனும் இடிபட்டிருப்பான். இல்லன்னாலும் அவன் படத்துல ஓரமாவாச்சும் நாங்க இருப்போம்ல?"

இருபது வருடத் தொழில். எத்தனையோ கல்யாணத்தில் அடுத்த வீட்டுப் பெண்ணின் பாதி முகம் என் பிரேமுக்குள் வந்து, அதை வெட்டித் தள்ளியிருக்கிறேன். இது எனக்குத் தோன்றவே இல்லை. பன்னிரண்டு வருடமும் நான் அந்தப் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேனே தவிர, போனதைத் தேட வேண்டும் என்று ஒருநாள்கூட நினைக்கவில்லை.

"மறுநாளே உண்மையச் சொல்லியிருந்தீனா, ஒரு வாரத்துல அவுங்களப் புடிச்சிருக்கலாம்" என்றாள். "அவரும் பாத்திருப்பாரு."

சிதம்பரம் பஸ் வந்தது. ஏறி, படியில் நின்று, "தேடு. கெடச்சா வா" என்றாள்.

வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்காமல் அந்தப் பழைய பைலைத் திறந்தேன். ஸ்டீல் வாட்ச் கையையே இத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருந்தவன், முதல்முறையாக அதைச் சுற்றி இருந்தவர்களைப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு பெரியம்மா, கையில் மஞ்சள் தாம்பூலப் பை. தேங்காய் போட்டுக் கொடுக்க அடித்த பை. அதில் பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், ஊர், எல்லாம் கொட்டை எழுத்தில். ஊர் வடலூருக்கு அந்தப் பக்கம். நான்கு நாளில் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். வீடு தேடிப் போகிற வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு போனேன்.

பக்கத்து ஜோடியின் பெண் இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். கணவர் குவைத்தில். லேப்டாப்பில் தன் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்ததும் மாமியாரைக் கூப்பிட்டார், எதிர்வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டார். ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். "இவ்ளோ நல்லா எங்க ஆளு எடுக்கலண்ணா" என்றார். "எங்க டிவிடில இந்த எடத்துல யாரோ எவரோதான் தெரிவாங்க. எங்க வூட்டுக்காரரு அந்த கேமராக்காரன இன்னிக்கும் திட்டுவாரு."

"அந்த யாரோ யாருன்னு தெரியுமாம்மா?"

"தெரியலியே. ப்ளேயர் கெட்டு எத்தினியோ வருஷமாச்சு. நீங்க வேணா எடுத்துட்டுப் போயிப் பாருங்க."

பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். என் லேப்டாப்பில் டிவிடி போடுகிற வசதி இருக்கிறது. வழியில் எங்கே வண்டியை நிறுத்தினாலும் பார்த்திருக்கலாம். சேத்தியாத்தோப்பில் ஒரு டீக்கடையில் பையைத் திறந்து, வட்டை வெளியே எடுத்தும்விட்டேன். கை அரித்தது. முகம் தெரிகிறதா, ஷாட் சரியாக இருக்கிறதா, ஒன்றும் இல்லாமல் வெறும் முதுகா, தெரிந்துகொள்ளாமல் அவள் முன்னால் போய் நிற்பதா? திரும்ப உள்ளே வைத்தேன். இதை முதலில் பார்க்க வேண்டியது நான் இல்லை.

சிதம்பரத்தில், கீழவீதிக்குப் பின்னால் அவள் வீடு. மேஜையில் லேப்டாப்பை வைத்து, வட்டைப் போட்டு, நிறுத்துவதற்கும் பின்னால் தள்ளுவதற்கும் எந்தப் பொத்தான் என்று காட்டினேன்.

"நீ பாத்தியா?" என்றாள்.

"இல்ல."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நம்பினாளா தெரியாது. "வெளிய இரு" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

வாசற்படியில் உட்கார்ந்தேன். உள்ளே வட்டு சுற்றுகிற சத்தம் கேட்டது. ஓடாமல் போய்விடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஓடியது. நாதஸ்வரம், கூட்டத்தின் இரைச்சல், யாரோ யாரையோ "நவுருங்க நவுருங்க" என்று கத்துவது. நிறைய நேரம் அப்படியே போனது. பிறகு கெட்டிமேளம். நடுவிலேயே நின்றுவிட்டது.

சத்தமே இல்லை. நான் எழுந்து கதவருகே போனேன்.

மறுபடி அதே கெட்டிமேளம், அதே இடத்திலிருந்து. நின்றது. மறுபடி அதே இடத்திலிருந்து. ஒன்றும் இல்லாத இடத்தை யாரும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க மாட்டார்கள். அவர் இருக்கிறார். கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன்.

எத்தனையாவது முறையோ தெரியவில்லை, உள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"அண்ணே, இன்னுங் கொஞ்ச நேரம்."

"பாரும்மா" என்றேன். மேளம் மறுபடி கொட்டியது.